பிள்ளையின் வருகைப்பதிவும் பிளஸ் டூ வரை போய்ச்சேர்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வகுப்பாசிரியர்கள், பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் ஆகியோர் வருகைப்பதிவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. வெளிநாட்டு ஆய்வுகளை, நம் பள்ளிக்கும் பொருந்தும் இடங்களில் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எத்தனை நாள் லீவு போட்டால் கவலைப்பட வேண்டும்?

வேலை நாட்களில் பத்தில் ஒன்று போனால் கவலைப்பட வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரை 200 வேலை நாட்களும், 6 முதல் 8 வரை 220 வேலை நாட்களும் வேண்டும் என்கிறது. 220 நாளில் பத்தில் ஒன்று 22 நாள். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் இரண்டே நாள்தான். திங்கட்கிழமை ஒன்று, ஊர்த் திருவிழாவுக்கு ஒன்று என்று போனால் யாருக்கும் உறுத்தாமலே ஆண்டுக் கடைசியில் 22 வந்துவிடும்.

அமெரிக்கப் பள்ளிகள் இந்தப் பத்து சதவீதத்தைத்தான் எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கில் காரணம் பார்ப்பதில்லை. காய்ச்சலுக்குப் போட்ட லீவும் சேரும், லீவ் லெட்டர் கொடுத்ததும் சேரும். லெட்டர் கொடுத்தாலும் அன்றைக்கு நடந்த பாடம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே, அதனால்தான்.

ஆண்டு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் 20 வேலை நாளில் 2 நாள், முதல் 40 நாளில் 4 நாள் என்று போயிருந்தாலே பிள்ளை அந்தப் பாதையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஜூலை மாதம் பதிவேட்டைப் புரட்டினால் போதும், யார் யாரைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

75 சதவீதம் வருகை இருந்தால் போதும் என்கிறார்களே?

அது தேர்வு எழுத அனுமதிப்பதற்கான அளவு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். ஜனவரி 1 வரையிலான வருகையை வைத்துக் கணக்கிடுவார்கள். குறைந்தால் மருத்துவச் சான்று போன்ற ஆவணங்களோடு விலக்கு கேட்க வேண்டும்.

படிப்பின் பக்கம் இருந்து பாருங்கள். 220 நாளில் 75 சதவீதம் என்றால் 165 நாள் வருகை, 55 நாள் இல்லை. வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் பதினோரு வாரப் பாடம். காலாண்டுத் தேர்வுக்குரிய பகுதி முழுவதும் போன மாதிரி. 75 சதவீதத்தைத் தொட்ட பிள்ளை “தப்பித்துவிட்டது” என்று பெற்றோர் நிம்மதியடைவது சரியல்ல. அந்தப் பிள்ளை ஏற்கனவே ஆழமான சிக்கலில் இருக்கிறது.

மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு நேரடிக் கணக்கும் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள 10 அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் 2 வருகைக்கு. 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் இரண்டும் முழுதாகக் கிடைக்கும், 75க்கும் 80க்கும் இடையில் ஒன்றுதான்.

எங்கள் பள்ளியின் சராசரி வருகை 93 சதவீதம். நன்றாகத்தானே இருக்கிறது?

சராசரி பெரிதாக மறைத்துவிடும். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள், 220 வேலை நாள். சராசரி 93 என்றால் மொத்தம் 616 பிள்ளை-நாட்கள் போயிருக்கின்றன. அந்த 616ஐ 40 பேரும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குப் பதினைந்து நாள். ஆனால் பள்ளியில் அப்படி நடப்பதே இல்லை. 32 பிள்ளைகள் ஆளுக்கு 6 நாள்தான் லீவு போட்டிருப்பார்கள், அது 192 நாள். மீதி 424 நாளும் எட்டே பிள்ளைகளின் தலையில், ஆளுக்கு 53 நாள். அந்த எட்டுப் பேரின் வருகை 76 சதவீதம். ஐந்தில் ஒரு பிள்ளை கைநழுவிப் போய்க்கொண்டிருக்கும்போதும் தலைமையாசிரியர் அறைப் பலகையில் 93 என்றுதான் எழுதியிருக்கும்.

அதனால் மாதாந்திரக் கூட்டத்தில் கேட்க வேண்டியது வேறு: “பத்து சதவீதத்துக்கு மேல் வராத பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார்?” மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினாலே பள்ளியின் பார்வை மாறும்.

பிளஸ் டூ தேர்ச்சி 94, 95 சதவீதம் வரும்போது வருகை ஒரு பிரச்சினையா?

தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வராமலே நின்றுவிட்டவர்கள் அந்தக் கணக்கில் கிடையாது.

2023 பிளஸ் டூ தேர்வு இதற்கு நல்ல உதாரணம். அந்த ஆண்டு எழுதியவர்கள் 8,03,385 பேர், தேர்ச்சி பெற்றவர்கள் 7,55,451 பேர், விகிதம் 94.03. பள்ளிகள் வழியாகப் பதிவு செய்யப்பட்டிருந்தவர்களோ சுமார் 8.51 லட்சம். மார்ச் மாதம் மொழிப்பாடத் தேர்வு நடந்த முதல் நாளிலேயே ஐம்பதாயிரம் பேர் அளவுக்கு வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே அதிரவைத்தது. பதிவு செய்த அத்தனை பேரையும் அடியில் வைத்து வகுத்தால் 94 என்பது ஏறக்குறைய 89 ஆகிவிடும்.

கொரோனாவால் 2021இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்காமல் எல்லோருக்கும் தேர்ச்சி அளிக்கப்பட்ட அணி அது. பிளஸ் ஒன்னில் பெயர் இருந்தது, ஆள் வகுப்பில் இல்லை. சிலர் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பக்கம் போனார்கள், சிலர் வேலைக்குப் போனார்கள். தேர்வு அறையில் காலியாக இருந்த ஒவ்வொரு இருக்கைக்கும் பின்னால் பல மாத “ஆப்சென்ட்” குறிகள் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும். ஹால் டிக்கெட் அச்சான பிறகு தேடுவதைவிட, மூன்றாவது வாரத்தில் தேடியிருந்தால் பலரைப் பிடித்திருக்கலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

லீவு போடுவதால் மார்க் குறைகிறதா, படிப்பு வராத பிள்ளைதான் லீவு போடுகிறதா?

இரண்டும் நடக்கிறது. பாடம் புரியாத பிள்ளை வகுப்பைத் தவிர்க்கிறது, தவிர்ப்பதால் இன்னும் புரியாமல் போகிறது. வறுமை, வீட்டில் நோய், இடம்பெயர்வு போன்றவை வருகையையும் மார்க்கையும் ஒருசேர இழுக்கின்றன. ஆகவே வருகையைக் கூட்டினால் மட்டும் மார்க் தானாக ஏறும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஆனாலும் வராத நாளுக்கென்று தனியாக ஒரு பாதிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பனிப்பொழிவை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜோசுவா குட்மன் செய்த ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. கடும் பனியால் பள்ளியையே மூடிய நாட்கள் தேர்வு மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. மிதமான பனியில் பள்ளி நடந்து, சில பிள்ளைகள் மட்டும் வராமல் போன நாட்கள்தான் குறைத்தன. எல்லோருக்கும் விடுமுறை என்றால் ஆசிரியர் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நான்கு பேர் மட்டும் வரவில்லை என்றால் பாடம் நகர்ந்துவிடும், அந்த நான்கு பேருக்காக வகுப்பு நிற்காது. சென்னையிலும் கடலூரிலும் கலெக்டர் அறிவிக்கும் மழை விடுமுறையைப் பார்த்துப் பெற்றோர் பதறுகிறார்கள். அதைவிட, பள்ளி நடக்கும் நாளில் தன் பிள்ளை மட்டும் வீட்டில் இருப்பதற்குத்தான் பதற வேண்டும்.

எந்த வகுப்பில் அதிகம் கவனிக்க வேண்டும்?

ஒன்றாம் வகுப்பு, பிறகு 6, 9, 11. பிள்ளை புதிய கட்டடத்துக்கோ புதிய முறைக்கோ மாறும் ஆண்டுகள் இவை.

இவற்றில் ஒன்பதை முதலில் சொல்வோம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையும் நிறுத்திவைக்கப்படுவதில்லை. வாசிப்பிலும் கணக்கிலும் சேர்ந்துவந்த குறை எல்லாம் ஒன்பதில்தான் வெளியே தெரியும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கை, அங்கே உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டான ஒன்பதாம் வகுப்பைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு பருவத்தில் ஐந்து நாளுக்கும் குறைவாக லீவு போட்டவர்களில் 87 சதவீதம் பேர் நான்கு ஆண்டில் பள்ளிப்படிப்பை முடித்தார்கள். ஐந்து முதல் ஒன்பது நாள் வரை போட்டவர்களில் முடித்தவர்கள் 63 சதவீதம். ஒரே வார வித்தியாசம்தான். எட்டாம் வகுப்பில் வாங்கிய மார்க்கைவிட ஒன்பதாம் வகுப்பு வருகை, யார் பாடத்தில் தோற்பார்கள் என்பதைப் பல மடங்கு துல்லியமாகச் சொன்னது. நல்ல மார்க்கோடு வந்த பிள்ளையும் வராமல் இருக்கத் தொடங்கினால் தோற்றது.

ஒன்றாம் வகுப்பில் ஆபத்து வேறு மாதிரி. “சின்னப் பிள்ளைதானே, என்ன பாடம் போய்விடப் போகிறது” என்று வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். எழுத்து கூட்டி வாசிப்பது அந்த வகுப்பில்தான் வருகிறது. உயிர்மெய் வரிசை நடந்த வாரங்களில் இல்லாத பிள்ளை மூன்றாம் வகுப்பிலும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வாயசைத்துக்கொண்டிருக்கும்.

காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் “காய்ச்சல்” என்றுதான் சொல்கிறார்கள்.

கேட்பதற்கு முன் பதிவேட்டை நீளவாக்கில், ஒரே பிள்ளையின் வரிசையில், மூன்று மாதம் படியுங்கள். லீவு விழும் விதமே பாதிக் கதையைச் சொல்லும்.

எப்போதும் திங்கட்கிழமை என்றால் வார இறுதியில் ஊருக்குப் போய் வருகிறார்கள், அல்லது ஞாயிறு இரவு வீட்டில் சண்டை, குடி. எப்போதும் புதன்கிழமை என்றால் அன்றைக்கு என்ன ஸ்லிப் டெஸ்ட், யாருடைய பீரியட் என்று டைம்டேபிளைப் பாருங்கள். பெண் பிள்ளைக்கு மாதாமாதம் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விழுந்தால் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட இடம் இருக்கிறதா என்று ஒரு ஆசிரியை போய்ப் பார்க்க வேண்டும். இதற்குப் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசிப் பயனில்லை, பிளம்பரைக் கூப்பிட வேண்டும். பூப்பு நன்னீராட்டுக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் தொடர்ந்து வராத பெண்ணின் வீட்டுக்கு உடனே போக வேண்டும். அந்த இடைவெளியில்தான் கல்யாணப் பேச்சு தொடங்குகிறது.

பொங்கல் முடிந்து பெயர் இருந்தும் ஆள் இல்லை என்றால் குடும்பமே செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போயிருக்கும். அங்கே பக்கத்தில் உள்ள பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்வதுதான் வழி. தாத்தா பாட்டியிடம் விட்டுப்போகச் சொல்வது சில குடும்பங்களுக்கு மட்டுமே ஒத்துவரும்.

மதியத்துக்கு மேல் மட்டும் காணாமல் போகும் பையன், தாமதமாக வந்து வாசலிலேயே திரும்பும் பையன் ஆகியோரின் விஷயம் பெரும்பாலும் பஸ். ஏழரை மணி டவுன் பஸ் ஒன்று நின்றுபோனால் ஒரு கிராமத்தின் பிள்ளைகள் அத்தனை பேரும் லேட். லேட்டுக்கு வெளியே நிற்கவைத்தால் நாளைக்கு வரவே மாட்டார்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து தாமதமானால் தலைமையாசிரியர் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு மனு கொடுப்பதுதான் மருந்து.

சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அடிப்பது, வகுப்பில் எழுப்பி அவமானப்படுத்துவது ஆகியவற்றைப் பிள்ளை வாயால் சொல்லாது. நன்றாக வந்துகொண்டிருந்த பிள்ளை ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு திடீரென்று நின்றால், அந்தத் தேதிக்கு முந்தைய நாள் பள்ளியில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

உடம்பு சரியில்லாவிட்டாலும் அனுப்ப வேண்டுமா?

கூடாது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, அம்மை இருந்தால் வீட்டில்தான் வைக்க வேண்டும். லேசான சளி, தூக்கக் கலக்கம், “வயிறு வலிக்குது” என்று காலையில் மட்டும் வரும் வலி ஆகியவற்றுக்கு அனுப்பலாம். அந்தக் காலை வலி வாரம் தவறாமல் வந்தால் பள்ளியில் ஏதோ ஒன்றைக் கண்டு பயம்.

வகுப்பாசிரியர் அன்றாடம் என்ன செய்ய வேண்டும்?

முதல் பீரியடில் வருகை எடுத்ததும் வராதவர்களின் வீட்டுக்குப் பத்து மணிக்குள் போன் போக வேண்டும். மாலையில் பேசுவதில் பயன் குறைவு. காலையில் கூப்பிட்டால் பாதி நாளாவது பிள்ளை வந்துசேரும். பிள்ளை பள்ளிக்குக் கிளம்பிவிட்டது என்று பெற்றோர் நம்பிக்கொண்டிருக்கலாம், அதற்காகவும்தான்.

பேசும் விதம் முக்கியம். “ஏம்மா உங்க பையன் இன்னைக்கும் வரலை?” என்றால் போன் அத்தோடு சரி, அடுத்த முறை எடுக்கமாட்டார்கள். “முருகன் இன்னைக்குக் காணோமேம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா? நாளைக்கு வந்துருவானா?” என்றால் பதில் வரும்.

இரண்டாவது, எண்ணைச் சொல்லுங்கள். தன் பிள்ளை எத்தனை நாள் போகவில்லை என்பதைப் பெற்றோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பிலடெல்பியா நகரப் பள்ளிகளில், பிள்ளையின் மொத்த லீவு நாளைக் குறிப்பிட்டு வீட்டுக்குச் சில கடிதங்கள் அனுப்பியதிலேயே, தொடர்ந்து லீவு போடும் பிள்ளைகளின் எண்ணிக்கை பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நம் ஊரில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: “ஜூன் முதல் இன்று வரை 62 வேலை நாள், கவிதா வராதது 11 நாள்.” இதை அந்தப் பெற்றோருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். வகுப்புக் குழுவில் போட்டால் பிள்ளையின் மானம் போகும்.

தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போவது நல்லது. ஐந்து நாளைத் தாண்டினால் தலைமையாசிரியருக்கும் மேலாண்மைக் குழுவில் அந்தத் தெருவைச் சேர்ந்த உறுப்பினருக்கும் தெரிய வேண்டும். ஒரு மாதம் கழித்துப் போகும்போது பெரும்பாலும் வீடு பூட்டியிருக்கும், அல்லது பையன் கையில் ஏற்கனவே முதல் மாதச் சம்பளம் இருக்கும். அதற்குப் பிறகு அழைத்துவருவது மிகவும் கடினம்.

கஷ்டப்பட்டு அழைத்து வந்தோம். மறுபடியும் நின்றுவிட்டானே?

திரும்பி வந்த முதல் மூன்று நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பையன் வருகிறான். ஐந்து பாட ஆசிரியர்களும் தனித்தனியாக “விட்ட நோட்ஸ் எல்லாம் எழுதிட்டு வா” என்கிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் பத்துப் பதினைந்து பக்கம், மொத்தம் அறுபது எழுபது பக்கம். இரவு பதினொரு மணி வரை எழுதியும் முடிவதில்லை. முடிக்காமல் போனால் வெளியே நிற்க வேண்டும். ஆகவே மறுநாள் அவன் வருவதில்லை. ஒழுங்குக்காகச் சொன்ன வேலையே அவனைத் துரத்திவிட்டது.

விட்ட நோட்ஸைச் சக மாணவரின் நோட்டிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொள்ளட்டும். கையால் எழுத வேண்டியது, அடுத்த பாடத்துக்கு அடிப்படையான பகுதி மட்டும். கணக்கில் அதைத் தவறவிடவே கூடாது. முழுக்களின் கூட்டல் கழித்தல் நடந்தபோது இல்லாத பிள்ளைக்கு இயற்கணிதத்தில் ஒரு வரியும் புரியாது. வரலாற்றில் ஒரு பாடம் போனால் அடுத்த பாடத்தில் சேர்ந்துகொள்ளலாம், கணக்கில் முடியாது. வகுப்பாசிரியர் ஐந்து ஆசிரியர்களிடமும் பேசி, “இந்த வாரம் கணக்கும் ஆங்கிலமும் மட்டும் பிடிக்கட்டும்” என்று ஒரே முடிவாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார ஒரு நண்பனையும் ஏற்பாடு செய்யுங்கள்.

நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கலாமா?

நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஏற்கனவே தவறாமல் வரும் பிள்ளைகளுக்கே அது போகும். ஜூனிலேயே ஒரு நாள் விட்ட பிள்ளைக்கு அந்தப் பரிசில் இனி அக்கறை இல்லை. காய்ச்சலோடு வந்து உட்காரும் பிள்ளைகளும் உண்டு. அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், முன்னறிவிப்பில்லாமல் முழு வருகைக்கு விருது பெற்ற பிள்ளைகள் அதன்பின் கொஞ்சம் குறைவாகவே பள்ளிக்கு வந்தார்கள். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதல் நாள் வந்த பிள்ளைக்குக் கொடுங்கள்.

காலை உணவு, உதவித்தொகை எல்லாம் உண்மையில் வருகையைக் கூட்டுகின்றனவா?

உணவு கூட்டுகிறது. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவிலிருந்து 1982 சத்துணவு வரை தமிழ்நாட்டின் அனுபவம் அது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் 1,545 தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் வருகை கூடியதை மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு காட்டியது. காலை உணவுக்கு நேரத்தோடு வர வேண்டும் என்பதால் தாமதமும் குறைகிறது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய், கல்லூரியில் சேர்ந்த பிறகு வருவது. ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பையனை நாளைக்குப் பள்ளிக்கு இழுத்துவர அது உதவாது. ஆனால் “6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால்” என்ற நிபந்தனையை வீட்டில் விளக்கிச் சொல்வது பயன் தரும். பாதியில் நின்றால் அந்த உதவியும் போகும் என்று பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

பதிவேடும் செயலியும் காட்டும் வருகையை நம்பலாமா?

மதிய உணவு சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து கொண்டுவருபவர்களைக் கழித்த பிறகும் பெரிய இடைவெளி இருந்தால் எங்கோ பிசகு. ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுவதால், வராத பிள்ளையின் பெயரைத் தக்கவைக்கும் அழுத்தம் பள்ளிகளுக்கு உண்டு. பணியிடம் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் வராதவனுக்கு வருகை போட்டால் அவனைத் தேட யாருக்கும் காரணமே இல்லாமல் போய்விடும்.

ஏற்கனவே நின்றுவிட்ட பிள்ளையை இப்போது சேர்க்க முடியுமா?

14 வயது வரை எந்த மாதத்திலும் சேர்க்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்டதற்குச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும். டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டு பிளஸ் ஒன் சேரலாம். எட்டு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் சில தொழிற்பிரிவுகள் உண்டு.

பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளை வேலையில் இருந்தாலோ கல்யாண ஏற்பாடு நடந்தாலோ 1098க்குச் சொல்லுங்கள். பிள்ளையின் பழைய எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) கையில் இருந்தால் சேர்க்கை விரைவாக முடியும். பழைய முன்னேற்ற அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைசியாகப் படித்த பள்ளியின் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லித் தலைமையாசிரியரிடம் தேடித்தரக் கேளுங்கள்.